பெயர் உங்கள் கடையுடையது... பதிவு யாருடையது?

1999 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஹாட்மெயில் வைத்திருந்தவர்களில் பலரால் அன்று தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. சர்வர் பழுதா, ஹேக்கர் வேலையா என்று ஆளாளுக்கு யோசித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் ஒரு லினக்ஸ் புரோகிராமர் காரணத்தைக் கண்டுபிடித்தார். ஹாட்மெயிலின் வாசலாக இருந்த பாஸ்போர்ட் டாட் காம் என்ற டொமைன் பெயருக்கு மைக்ரோசாஃப்ட் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் விட்டிருந்தது. வெறும் 35 டாலர். அவர் தன் கிரெடிட் கார்டிலிருந்து அதைக் கட்டினார். ஹாட்மெயில் திரும்ப வந்தது. உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் கம்பெனிக்கு அறிமுகமில்லாத ஒருவர் 35 டாலர் கடன் கொடுத்த கதை இது.

மைக்ரோசாஃப்டுக்கு இது இரண்டு நாள் தலைகுனிவோடு போயிற்று. காரணம், பதிவேட்டில் அந்தப் பெயர் மைக்ரோசாஃப்டின் பேரில்தான் இருந்தது. பணத்தை யார் கட்டினாலும் பெயர் அவர்களுக்குத்தான். நம்மூரில் சொந்தமாகத் தொழில் நடத்துகிற பலருக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. கடையின் போர்டில், பில் புத்தகத்தில், வேன் கதவில், விசிட்டிங் கார்டில் அச்சடித்திருக்கும் வெப்சைட் பெயர், பதிவேட்டில் அவர்கள் பேரில் இல்லை. வெப்சைட் போட்டுக் கொடுத்தவரின் பேரில் இருக்கிறது. கடைக்காரருக்கு இது தெரிந்தால்கூடப் பரவாயில்லை. பெரும்பாலும் தெரிவதில்லை.

டொமைன் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் நல்ல பெயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதிலேயே பாதிப் பக்கத்தைச் செலவிடுகிறார்கள். பெயர் முக்கியம்தான். ஆனால் சுமாரான பெயரால் அழிந்த தொழிலைவிட, நல்ல பெயரைக் கைநழுவவிட்டுத் தவித்த தொழில்கள்தான் அதிகம் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே இந்தக் கட்டுரை கைவசம் வைத்திருப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறது.

எண்ணுக்கு ஒரு பெயர்

இணையத்தில் இணைந்திருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. ஐபி முகவரி என்பது அதுதான். மனிதர்களுக்கு எண்ணைவிடப் பெயர்தான் நினைவில் நிற்கும் என்பதால், எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்லும் ஏற்பாடு தேவைப்பட்டது. 1980-களின் தொடக்கம் வரை அது ஒரே ஒரு கோப்பு. கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்பவரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாகக் கணினியை இணைக்கிறவர்கள் அவர்களிடம் சொல்லி எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் அந்தக் கோப்பை அவ்வப்போது பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும்.

கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் ஒரு வழி சொன்னார். ஒரே பட்டியலை ஒரே இடத்தில் வைக்காமல், பொறுப்பைப் படிப்படியாகப் பிரித்துவிடுவது. டொமைன் பெயரை வலமிருந்து இடமாகப் படித்தால் அவர் செய்தது புரியும். கடைசியில் இருக்கும் 'டாட் இன்' என்பதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்கள் சொல்லும். அதற்கு முன்னால் இருக்கும் உங்கள் கடைப் பெயருக்குரிய விவரம் எந்த சர்வரில் இருக்கிறது என்று டாட் இன் பதிவேடு சொல்லும். அந்தக் கடைசி சர்வர் ஐபி எண்ணைக் கொடுக்கும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இத்தனையும் நடந்து முடிகிறது. 40 ஆண்டுகள் கடந்தும் அடிப்படை மாறவில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டொமைன் வேறு, வெப்சைட் வேறு, ஹோஸ்டிங் வேறு. டொமைன் என்பது பெயர்ப் பதிவு மட்டும். வெப்சைட் என்பது நீங்கள் போட்டுவைத்திருக்கும் பக்கங்கள், படங்கள். அவை குடியிருக்கும் கணினியின் வாடகைதான் ஹோஸ்டிங். மூன்றையும் மூன்று கம்பெனிகளிடம் வாங்கலாம், ஒன்றை மாற்றாமல் இன்னொன்றை மாற்றலாம். 'பேக்கேஜ்' என்று மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. பின்னால் வரும் தகராறுகளில் பாதி இங்கேதான் முளைவிடுகிறது. வெப்சைட் தொலைந்தால் ஒரு மாதத்தில் புதிதாகக் கட்டிவிடலாம். ஹோஸ்டிங்கை ஒரே நாளில் மாற்றலாம். பெயர் போனால் அது போனதுதான்.

வாங்குவதல்ல, குத்தகைக்கு எடுப்பது

உலகின் முதல் டாட் காம் பெயரை 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற அமெரிக்கக் கணினிக் கம்பெனி பதிவுசெய்தது. அந்த ஆண்டு முழுக்க டாட் காமில் பதிவானவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அப்போது கட்டணமே கிடையாது. 1995-ல்தான் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் கம்பெனி இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கியது. சிம்பாலிக்ஸ் கம்பெனி பிற்பாடு நொடித்துப்போனது. அதன் பெயரை 2009-ல் ஒரு முதலீட்டாளர் வாங்கி வைத்துக்கொண்டார்.

இன்று இதற்கு மூன்று அடுக்குகள். மேலே பதிவேட்டை நடத்துகிறவர். டாட் காமுக்கு அமெரிக்காவின் வெரிசைன், டாட் இன்னுக்கு நம் அரசின் ஏற்பாட்டில் இயங்கும் நிக்ஸி. நடுவில் ரிஜிஸ்ட்ரார் எனப்படும் விற்பனைக் கம்பெனிகள். கீழே நீங்கள். நடுவிலிருக்கும் கம்பெனிக்கும் உங்களுக்கும் இடையில் பெரும்பாலும் இன்னொருவர் நுழைந்துகொள்கிறார். அவர்தான் ரீசெல்லர், அதாவது நம் வெப் டிசைனர். டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கான விதிகளை 1998-ல் தொடங்கப்பட்ட ஐகான் என்ற அமைப்பு வகுக்கிறது. டாட் இன்னுக்கு நிக்ஸியின் விதிகள்.

'டொமைன் வாங்கிட்டேன்' என்று நாம் சொல்கிறோம். உண்மையில் யாரும் வாங்குவதில்லை. ஓர் ஆண்டு முதல் அதிகபட்சம் 10 ஆண்டு வரை குத்தகைக்கு எடுக்கிறோம். குத்தகையை நீட்டிக்கொண்டே போகலாம். பொதுவாக யாரும் உங்களை எழுப்பிவிட முடியாது. ஆனால் தவணை தவறினால் இடம் உங்களுடையது அல்ல.

இதனால்தான் முதல் ஆண்டு விலையைப் பார்த்து முடிவெடுப்பது தவறு. 99 ரூபாய், 149 ரூபாய் என்று விளம்பரம் வரும். டாட் காம் பெயர் ஒன்றுக்கு ரிஜிஸ்ட்ராரே வெரிசைனுக்கு ஆண்டுக்கு 10 டாலருக்குச் சற்று மேல் கட்டியாக வேண்டும். அதற்குக் குறைவாக உங்களுக்கு ஒருவர் தருகிறார் என்றால், நட்டத்தை இரண்டாம் ஆண்டில் எடுத்துவிடுவார் என்று அர்த்தம். பெயரைக் கூடையில் போடுவதற்கு முன்னால் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். எல்லா ரிஜிஸ்ட்ராரும் அதை எங்கேயோ ஒரு மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ஹோஸ்டிங், மெயில், 'வெப்சைட் பாதுகாப்பு' எல்லாவற்றின் டிக்கையும் எடுத்துவிட்டு, பெயரை மட்டும் வாங்க முடியும். பூட்டுப் படம் காட்டும் எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் இலவசமாகவே தருகின்றன.

யார் பேரில்?

இனி முக்கியமான விஷயம். நடப்பது வழக்கமாக இப்படித்தான். ஜவுளிக்கடையோ, நர்சரியோ, மசாலா கம்பெனியோ, யாரோ சொல்லி ஒரு வெப் டிசைனர் வருகிறார். மொத்தமாக ஒரு தொகை பேசுகிறார்கள். 'டொமைன் ஃப்ரீ சார்' என்கிறார். அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் தன் ரிஜிஸ்ட்ரார் கணக்கிலிருந்து, தன் மெயில் முகவரியையும் தன் மொபைல் எண்ணையும் கொடுத்து உங்கள் பெயரைப் பதிவுசெய்கிறார். ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அவருக்கு அது வசதி. 30 வாடிக்கையாளர்களின் பெயரும் ஒரே கணக்கில் இருந்தால் வேலை சுலபம்.

சில ஆண்டுகள் கழித்து அவர் வேறு வேலைக்குப் போகிறார். துபாய் போகிறார். அல்லது உங்களோடு மனக்கசப்பு. புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில்கள் அவருக்குப் போகின்றன, அவர் பார்ப்பதில்லை. ஒரு காலையில் வெப்சைட் இல்லை. அதைவிட மோசம், அந்தப் பெயரில் இயங்கிய மெயிலும் இல்லை. ஆர்டர், கொட்டேஷன், ஆடிட்டரின் கடிதம் எதுவும் வரவில்லை. ரிஜிஸ்ட்ராருக்கு போன் போட்டால் 'நீங்கள் எங்கள் கஸ்டமர் இல்லையே' என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரோடுதான் அவர்களுக்கு ஒப்பந்தம். நீங்கள் டிசைனருக்குப் பணம் கொடுத்த ஜிபே ரசீதை அவர்கள் பொருட்படுத்த வேண்டியதில்லை.

எனவே செய்ய வேண்டியது எளிது, ஆனால் முதல் நாளே செய்ய வேண்டும். ரிஜிஸ்ட்ராரிடம் கணக்கை உரிமையாளரே திறக்க வேண்டும். கார்டு உரிமையாளருடையது, மொபைல் எண் உரிமையாளருடையது, பதிவுசெய்பவர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர். பத்து நிமிட வேலை. டிசைனருக்கு சர்வர் விவரத்தை மாற்றும் அனுமதி மட்டும் போதும். பல ரிஜிஸ்ட்ரார்களில் பாஸ்வேர்டைத் தராமலே அந்த அனுமதியைத் தனியாகக் கொடுக்க முடியும். முடியாத இடத்தில் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே மாற்றுங்கள். இதைச் சொன்னால் நல்ல டிசைனர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொள்கிறவர் யார் என்று அப்போதே தெரிந்துவிடுவது நல்லது.

கொடுக்கிற மெயில் முகவரியில் ஒரு கண்ணி இருக்கிறது. படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். புதிய டொமைனில் அழகாக ஒரு மெயில் முகவரி உருவாக்கி, அதையே ரிஜிஸ்ட்ராரிடமும் கொடுத்துவிடுவார்கள். டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும். ஐகான் விதிப்படி, ரிஜிஸ்ட்ரார் காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த ஐந்து நாளுக்குள் ஒருமுறையும் நினைவூட்ட வேண்டும். அந்தக் கடைசி எச்சரிக்கை ஓடாத மெயில்பெட்டியைத் தேடிக்கொண்டு போகும். பாஸ்வேர்டை மாற்ற வரும் லிங்க்கும் அங்கேதான் போகும். ஆகவே ரிஜிஸ்ட்ராருக்குக் கொடுப்பது வேறொரு முகவரியாக, ஜிமெயில் போன்ற ஒன்றாக, கட்டாயம் தினமும் பார்ப்பதாக இருக்கட்டும்.

இன்னொன்று, பதிவுசெய்த உடனே மெயிலை உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு கடிதம் வரும். விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. பொதுப் பெயர்களில் 15 நாளுக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் பெயரை நிறுத்திவைப்பார்கள். திறப்புவிழா முடிந்து இரண்டு வாரத்தில் வெப்சைட் மர்மமாக மறைந்துபோனதென்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஏற்கெனவே பெயரைப் பதிவுசெய்துவிட்டவர்கள் என்ன செய்வது? யார் பேரில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஹூயிஸ் என்ற தேடல் இதற்காகவே இருந்தது. ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018-ல் நடைமுறைக்கு வந்த பிறகு தனிநபர் விவரங்களைப் பெரும்பாலும் மறைத்துவிடுகிறார்கள். ஆனாலும் எந்த ரிஜிஸ்ட்ரார், என்றைக்குக் காலாவதி என்ற இரண்டும் தெரியும். அந்த ரிஜிஸ்ட்ராரின் லாகின் உங்களிடம் இல்லை என்றால், பெயர் உங்கள் கையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டிசைனரோடு உறவு சுமுகமாக இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அதே ரிஜிஸ்ட்ராரில் நீங்கள் ஒரு கணக்கு திறந்தால், அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நகர்த்திவிடலாம். வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்ற வேண்டுமானால், பெயரை இடம் மாற்றவிடாமல் தடுக்கும் பூட்டைத் திறந்துவிட்டு 'ஆத் கோடு' என்ற ரகசியக் குறியீட்டை அவர் எடுத்துத் தர வேண்டும். பதிவு செய்த முதல் 60 நாளுக்குள் பொதுவாக மாற்ற விடமாட்டார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். நகர்த்தி முடித்ததும் மறக்காமல் திரும்பப் பூட்டிவிடுங்கள். இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். பூட்டில்லாத காலத்தில் டொமைன்கள் எப்படித் திருடுபோயின என்பதற்குச் சான்று உண்டு. 1995-ல் அமெரிக்காவில் ஒருவர் போலிக் கடிதம் ஒன்றை அனுப்பியே செக்ஸ் டாட் காமை உரியவரிடமிருந்து தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். உரியவர் அதை மீட்கப் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் கிடந்தார்.

ழ-வுக்கு என்ன எழுத்து?

பெயர் விஷயத்துக்கு வருவோம். டாட் காமில் எளிய ஆங்கிலச் சொற்கள் எல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டன. அதில் தமிழ்க் கடைக்காரருக்கு ஓர் ஆதாயம் உண்டு. நம் ஊர்ப் பெயரும் தாத்தா பெயரும் சேர்ந்த கடைப் பெயர் இன்னும் காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். தொல்லை வேறு இடத்தில் வருகிறது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே வழி இல்லை. ழகரத்துக்கு எல் போடுவதா, இசட்-எச் போடுவதா? தகரத்துக்கு டி மட்டுமா, டி-எச்சா? நெடிலுக்கு ஏ ஒன்றா, இரண்டா? ஆச்சி என்று ஒரு மெஸ் திறக்கிறவர் அதை எழுதக்கூடிய விதங்களைத் தாளில் போட்டுப் பார்த்தால் அரைப் பக்கம் நிறையும்.

இதற்கு நல்ல பரிசோதனை, பெயரை போனில் ஒருமுறை சொல்லி எதிர்முனையில் இருப்பவரை எழுதச் சொல்வது. ஐந்து பேரில் மூன்று பேர் எப்படி எழுதுகிறார்களோ அதுதான் உங்கள் டொமைன், நியூமராலஜி என்ன சொன்னாலும். கூடுதலாக ஓர் 'எச்' போட்டால் ராசி என்றால் போர்டில் போட்டுக்கொள்ளுங்கள், வெப்சைட் பெயரில் வேண்டாம். அடுத்து அதிகமாக வரும் எழுத்துப்பிழை வடிவம் ஒன்றையும் பதிவுசெய்து, அதிலிருந்து உண்மையான பெயருக்குத் திருப்பிவிடுங்கள். அதற்கு மேல் சேர்க்க வேண்டாம். 20 பெயரை வாங்கிப் போட்டுவிட்டு ஆண்டுதோறும் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது.

நடுக்கோடு போட்ட பெயர்களையும் தவிர்க்கலாம். வாயால் சொல்லும்போது கோடு காணாமல்போகும். கோடில்லாத பெயரை வைத்திருப்பவர் உங்கள் வாடிக்கையாளர்களை இலவசமாகப் பெற்றுக்கொள்வார்.

பெயரின் கடைசியில் வரும் வால் எது? உள்நாட்டு வியாபாரத்துக்கு டாட் இன் தாராளமாகப் போதும். 1989-லிருந்தே இருக்கும் வால் அது. ஆனால் கெடுபிடியான விதிகளால் 2004 வரை அதில் பதிவானவை சில ஆயிரங்கள்தான். 2005-ல் நிக்ஸியின் கைக்கு வந்து, விதிகள் தளர்ந்த பிறகுதான் எல்லோருக்கும் திறந்தது. திருப்பூர்க்காரர்போல் ஏற்றுமதி செய்கிறவர் டாட் காமையும் சேர்த்து வைத்திருப்பது நல்லது. வெளிநாட்டு பையர் யோசிக்காமல் அதைத்தான் தட்டச்சு செய்வார். டாட் காமுக்குப் பதில் வேறு வாலை வைத்து முழித்தவர்களில் பெரிய கம்பெனிகளும் உண்டு. அமெரிக்காவின் ஓவர்ஸ்டாக் 2011-ல் தன் பெயரையே ஓ டாட் கோ என்று சுருக்கியது. ஜனங்கள் பழக்கதோஷத்தில் ஓ டாட் காம் என்று அடித்தார்கள். சீக்கிரமே பழைய பெயருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

இரண்டெழுத்து வால் எல்லாமே ஏதாவது ஒரு நாட்டுக்கோ பிரதேசத்துக்கோ உரியது என்பதும் பலருக்குத் தெரியாது. இன்று ஸ்டார்ட்அப்காரர்கள் ஓடிப்போய்ப் பிடிக்கும் டாட் ஏஐ, கரீபியனில் இருக்கும் அங்குவிலா என்ற குட்டித் தீவுடையது. செயற்கை நுண்ணறிவு மோகத்தில் 2023-ல் அந்தத் தீவு அரசின் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த இரண்டு எழுத்திலிருந்து வந்தது. விலையும் விதியும் அந்த நாடு வைப்பதுதான். நாடே இல்லாமல் போனால்? யூகோஸ்லாவியா உடைந்தது, அதன் டாட் ஒய்யு 2010-ல் இணையத்திலிருந்தே நீக்கப்பட்டது. அதில் இருந்த எல்லாப் பெயர்களும் கூடவே போயின.

தமிழிலேயே பெயர் வைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும். தமிழ் எழுத்தில் மூன்று நாட்டு வால்கள் இருக்கின்றன: டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர். உள்ளுக்குள் அந்தப் பெயரை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமாக மாற்றித்தான் டொமைன் அமைப்பு கையாளுகிறது. பிரவுசர் அதை மறைத்துத் தமிழைக் காட்டுகிறது. பெருமையாக இருக்கும், விளம்பரத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் தமிழ் முகவரியிலிருந்து மெயில் அனுப்பினால் எல்லா நிறுவனங்களின் மெயில் சேவையும் அதை ஏற்கும் என்று சொல்ல முடியாது. பல ஆன்லைன் படிவங்கள் அதை மெயில் முகவரி என்றே ஒப்புக்கொள்வதில்லை. எனவே தமிழ்ப் பெயரை இரண்டாவது வாசலாக வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு அது மட்டும் போதாது.

சென்னைக் கம்பெனி வென்ற வழக்கு

டொமைன் பெயருக்கு இந்தியச் சட்டத்தில் என்ன மதிப்பு என்று தீர்த்துச் சொன்ன வழக்கு ஒரு சென்னைக் கம்பெனியுடையது. தரமணி டைடல் பார்க்கில் இருந்த சத்யம் இன்ஃபோவே, தன் பெயரின் துண்டுகளை ஒட்டவைத்து 'சிஃபி' என்று ஒரு சொல்லை உருவாக்கியது. 1999-ல் அந்தச் சொல்லை வைத்து சில டொமைன்களைப் பதிவுசெய்தது. அதே ஆண்டு நாஸ்டாக்கில் இடம்பிடித்தது. இந்தியாவேர்ல்டு என்ற இணையதளக் கம்பெனியை 499 கோடி ரூபாய்க்கு வாங்கப்போவதாக அறிவித்து நாட்டையே வாய்பிளக்க வைத்ததும் இதே கம்பெனிதான். 2001-ல் பெங்களூரைச் சேர்ந்த வேறொரு கம்பெனி கிட்டத்தட்ட அதே ஒலியில், ஓர் 'எஃப்' கூடுதலாக, தன் டொமைனைப் பதிவுசெய்துகொண்டது. தங்கள் ஐந்து பேரின் முதலெழுத்துகள்தான் அவை என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

கீழ்கோர்ட்டில் சத்யத்துக்குச் சாதகம். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பாதகம். 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: டொமைன் பெயர் வெறும் முகவரி அல்ல, ஒரு தொழிலை அடையாளம் காட்டும் டிரேட்மார்க்கின் குணம் அதற்கும் உண்டு. தனிச் சட்டம் இல்லாவிட்டாலும், பிறர் சரக்கைத் தன் சரக்காகக் காட்டும் 'பாஸிங் ஆஃப்' குற்றச்சாட்டு டொமைனுக்கும் பொருந்தும். முதலெழுத்துக் கதையை நீதிமன்றம் நம்பவில்லை. அதற்கு முன்பே, 1999-ல், யாஹூ பெயரோடு இந்தியாவை ஒட்டிப் பதிவுசெய்தவருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டிருந்தது.

கோர்ட்டுக்குப் போகாமலும் வழி உண்டு. டாட் காம் போன்றவற்றுக்கு 1999-லிருந்து யுடிஆர்பி என்ற தீர்ப்பு முறையும், டாட் இன்னுக்கு நிக்ஸி நடத்தும் ஐஎன்டிஆர்பியும் இருக்கின்றன. இரண்டிலும் மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். அந்தப் பெயர் உங்கள் முத்திரையோடு குழப்பும்படி ஒத்திருக்கிறது, எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு செய்திருக்கிறார். இந்த மூன்றாவதில் ஒரு வித்தியாசம். யுடிஆர்பியில் பதிவும் பயன்பாடும் இரண்டுமே கெட்ட எண்ணத்தோடு நடந்திருக்க வேண்டும். ஐஎன்டிஆர்பியில் ஏதாவது ஒன்று போதும். டாட் இன்காரர்களுக்கு இது சற்று தயவான ஏற்பாடு.

'நியாயமான உரிமை' என்ற சொல்லில்தான் பெரிய கம்பெனிகளும் தோற்கும். வட கரோலினாவில் கணினிக் கடை நடத்திய ஊசி நிசான் 1994-ல் தன் குடும்பப் பெயரிலேயே நிசான் டாட் காமைப் பதிவுசெய்தார். கார் கம்பெனி 1999-ல் வழக்குப் போட்டது. பல ஆண்டுகள் இழுத்தது, அவருக்குப் பணம் கரைந்தது, ஆனால் பெயர் அவரிடமே இருந்தது. இதற்கு நேர்மாறு, நாளை இணையப்போகும் இரண்டு கம்பெனிகளின் பெயரை முன்கூட்டியே ஒட்டிப் பதிவுசெய்வது. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையும் என்று யூகித்து ஒரு டெல்லி இளைஞர் அப்படிச் செய்தார். அந்தப் பெயரைத் தர, கேம்பிரிட்ஜில் தன் படிப்புச் செலவை ஏற்கும்படி 2024-ல் கேட்டார். துணிச்சலை ரசிக்கலாம், சட்டத்தின் முன் நிற்கும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

சிறு தொழில் செய்கிறவருக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு வேலை. டொமைனோடு டிரேட்மார்க்குக்கும் விண்ணப்பியுங்கள். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய் கட்டணம். டொமைனைப் பதிவதற்கு முன்பே டிரேட்மார்க் பதிவேட்டில் இலவசமாகத் தேடிப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. காலியாக இருக்கும் டொமைன் என்பதற்காக அந்தப் பெயரில் தொழில் செய்யும் உரிமை வந்துவிடாது. ரிஜிஸ்ட்ரார் அதையெல்லாம் சரிபார்ப்பதில்லை. முதலில் வந்தவருக்கு முதலில் கொடுப்பது மட்டுமே அவர் வேலை.

காலாவதிக்குப் பின்

தவணை தவறினால் அடுத்த நாளே பெயர் ஏலத்துக்குப் போய்விடாது. டாட் காமில் ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலோ சிறு அபராதத்தோடோ புதுப்பிக்க விடலாம், விடாமலும் இருக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம். அப்போது வழக்கமான கட்டணத்தைப்போல் பல மடங்கு கேட்பார்கள், வாயை மூடிக்கொண்டு கட்ட வேண்டியதுதான். கடைசியாக 5 நாள், யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆறாம் நாள் பெயர் அவிழ்கிறது. அந்த நொடிக்காகவே காத்திருக்கும் நிரல்கள் உலகெங்கும் உண்டு. ஓரளவு பழகிய, கூகுளில் ஏறிய பெயர் என்றால் மனிதக் கை போட்டியிட வாய்ப்பே இல்லை. வாங்கியவர் அதில் சூதாட்ட விளம்பரம் போடுவார். உங்கள் பழைய வாடிக்கையாளர் அதைப் பார்ப்பார்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போட்டுவைத்தவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. ரிசர்வ் வங்கியின் விதிகளுக்குப் பிறகு, இந்திய கார்டுகளிலிருந்து ஒப்புதல் இல்லாமல் தானாகப் பணம் எடுக்க முடியாது, கார்டும் காலாவதியாகும். ஐந்து ஆண்டுக்கோ பத்து ஆண்டுக்கோ மொத்தமாகக் கட்டிவிடுவது இதனால்தான் மலிவான காப்பீடு.

பயத்தைக் காசாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். 'உங்கள் டொமைன் காலாவதியாகிறது' என்று பில் மாதிரியே ஒரு கடிதம் வரும். கட்டினால் வேறொரு ரிஜிஸ்ட்ராருக்கு, பல மடங்கு விலைக்கு மாறியிருப்பீர்கள். 'சீனாவில் ஒரு கம்பெனி உங்கள் பெயரைப் பதிவுசெய்ய விண்ணப்பித்திருக்கிறது, உடனே நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்' என்று இன்னொரு மெயில் வரும். அந்தச் சீனக் கம்பெனி இருப்பதில்லை. இரண்டையும் குப்பையில் போடலாம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆபத்து உண்மையானது. உங்கள் பெயரைப்போலவே ஒன்றைப் பதிவுசெய்து உங்கள் வாடிக்கையாளரிடம் முன்பணம் வாங்குகிறவர்கள். பட்டாசை ஆன்லைனில் விற்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடைபோட்டது. ஆனாலும் ஒவ்வொரு தீபாவளிக்கும் சிவகாசிப் பெயர்களில் போலித் தளங்கள் முளைத்துக்கொண்டுதான் இருக்கின்றன, சைபர் கிரைம் போலீசும் எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. வங்கிகளுக்கு இந்தத் தலைவலி இன்னும் பெரிது. அதனால்தான் இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் என்ற வாலுக்கு மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த வாலில் வங்கி தவிர யாரும் பதிவுசெய்ய முடியாது. சிறு கடைக்கு அப்படியொரு வேலி இல்லை. விசிட்டிங் கார்டிலும் வாட்ஸ்அப் நிலையிலும் சரியான முகவரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருப்பதுதான் கையில் இருக்கும் வழி.

பங்காளிகள் பிரியும்போதும், தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகும்போதும் டொமைனை யாரும் எழுதிவைப்பதில்லை. கட்டடம், சரக்கு, வங்கிக் கணக்கு, வண்டி எல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வரும். வெப்சைட் பெயரின் லாகின் மட்டும் அண்ணனின் மெயிலிலோ, இறந்துபோன அப்பாவின் மொபைல் எண்ணிலோ நின்றுபோகும். ரீசார்ஜ் செய்யாத சிம்மை டெலிகாம் கம்பெனி சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ரிஜிஸ்ட்ரார் அனுப்பும் ஓடிபி அந்த வேறொருவருக்குப் போகும். கூட்டாளி ஒப்பந்தத்தில் ஒரு வரி, உயிலில் ஒரு வரி, எந்த ரிஜிஸ்ட்ரார், எந்தப் பயனர் பெயர், எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்று எழுதிய தாள் ஒன்று பீரோவில். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு நகல் கொடுத்துவைத்தால், ஜிஎஸ்டி தாக்கல் செய்யும்போது ஞாபகப்படுத்துவார்.